செவ்வாயில் காக்கைக்கு எங்கே போவது?

செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிவிட்ட ஒரு சென்னைக் குடும்பத்துக்கு அமாவாசை எப்போது வரும்? கேட்டால் விளையாட்டுக் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், நகைச்சுவை அறிவியல் புனைகதை எங்கிருந்து முளைக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் தோன்றுவது செவ்வாய் தோஷம். செவ்வாயிலேயே குடியிருப்பவரின் ஜாதகத்தில் செவ்வாய் எந்த வீட்டில் இருக்கும்? சிரிப்பு வருகிறது, ஆனால் இது எல்லோருக்கும் உடனே தோன்றுவது. வாசகர் நமக்கு முன்பே அங்கே போய் நின்றிருப்பார். தள்ளிவிடலாம். இரண்டாவது ராகு காலம். பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு. இங்கே ஒன்றரை மணி நேரம். செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. பாதியைப் பகல் என்று கொண்டால் ராகு காலம் 92 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கணக்கு சரி, கதை இல்லை. இரண்டரை நிமிடம் கூடினதால் யாருடைய வாழ்க்கையும் மாறுவதில்லை.

மூன்றாவதுதான் நிலா. செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள். அதில் ஃபோபோஸ் கிரகத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 7 மணி 39 நிமிடம்தான் எடுத்துக்கொள்கிறது. கிரகம் தன்னைத்தானே சுற்றுவதைவிட வேகமாக ஓடுவதால் மேற்கே உதித்துக் கிழக்கே மறைகிறது. நிலா சூரியனின் பக்கம் வந்து நிற்பதுதான் அமாவாசை என்றால், ஃபோபோஸுக்கு நாளொன்றுக்கு மூன்று அமாவாசைக்கு மேல் வருகிறது. செவ்வாயின் ஓர் ஆண்டு 687 பூமி நாள். அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமாவாசைகள்.

இங்கிருந்து கதை தானாக நடக்கத் தொடங்கும். அமாவாசையன்று காக்கைக்குச் சாதம் வைத்த பிறகே வீட்டில் சாப்பாடு. ஆகவே காக்கை வேண்டும். ஒரு வீட்டுக் காக்கை சுமார் 300 கிராம். விண்கலத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு என்பதால் யாரோ ஒருவர் படிவம் நிரப்ப வேண்டும். அதில் காக்கையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? பயணியா, உணவா, உபகரணமா? அது வந்து சேராமல் யாரும் சாப்பிட முடியாது என்பதால் 'உயிர்காப்புச் சாதனம்' என்று எழுதுகிறார். அது பிழையும் இல்லை. காக்கை வந்து சேர்கிறது. முதல் அமாவாசைக்கு ஆசையாகச் சாப்பிடுகிறது. ஏழரை மணி நேரம் கடந்ததும் அடுத்தது, கொத்திப் பார்க்கிறது. மூன்றாவதற்குக் காக்கைக்குப் பசியில்லை. குடியிருப்பு முழுவதும் பட்டினி கிடக்கிறது. முன்னோர்களுக்கு என்ன மனக்குறை என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் இருக்கும் வாத்தியாரிடம் காணொளியில் கேட்கலாம் என்றால், ஒளியே போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். "இப்ப தீர்த்தம் விடுங்கோ" என்று அவர் சொல்வது இவர்கள் காதில் விழுவதற்குள் 'இப்ப' போய்விட்டிருக்கும்.

மேலே நடந்ததில் ஒரே ஒரு இட்டுக்கட்டல்தான் இருக்கிறது: ஒரு குடும்பம் செவ்வாயில் வாழ்கிறது என்பது. மற்ற எல்லாம் வானியலும் வழக்கமும். ஒருவரும் கோமாளி இல்லை. படிவம் நிரப்புகிறவர் ஒழுங்காக வேலை செய்கிறார், பெரியவர்களின் கவலை உண்மையானது, வாத்தியார் தன் கடமையைச் செய்கிறார், காக்கை காக்கையாக இருக்கிறது. இவர்களில் எவரையும் கேலி செய்யாமலே சிரிப்பு வந்துவிடுகிறது. இந்த வகை எழுத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு முதல் காரணம் இதுதான். கனமான அறிவியல் புனைகதையில் ஆசிரியர் ஒரு ஓட்டையைப் பரபரப்பான காட்சி ஒன்றால் மூடிவிடலாம். நகைச்சுவையில் அந்த வசதி கிடையாது. தர்க்கம் ஓரிடத்தில் வழுக்கினாலும் வாசகர் சிரிப்பதை நிறுத்திவிடுவார்.

போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் இதைக் கைதேர்ந்த கடிகாரக்காரர் போலச் செய்தவர். அவருடைய விண்வெளிப் பயணி இயோன் டிகியின் ஏழாவது பயணத்தில் விண்கலத்தின் சுக்கான் பழுதாகிறது. ஒருவர் போல்ட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நட்டை முடுக்க வேண்டும். கலத்தில் இருப்பதோ ஒருவர். சைக்கிள் கடையில் நின்று பார்த்தவர்களுக்குக்கூடப் புரிகிற சிக்கல். பிறகு கலம் காலச்சுழலில் சிக்குகிறது. திங்கட்கிழமை டிகியும் செவ்வாய்க்கிழமை டிகியும் ஒரே அறையில் வந்து நிற்கிறார்கள். ஆள் கிடைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்போம். முடிவதில்லை. இவர் சொல்வதை அவர் நம்புவதில்லை, சாப்பாட்டுக்குச் சண்டை, விண்வெளி உடைக்குச் சண்டை. கால இயந்திரக் கதைகளில் தன்னையே சந்திப்பவர் வியப்பில் உறைந்துபோவதே வழக்கம். லெம் கேட்டது வேறு கேள்வி: நம்மைப்போன்ற பிடிவாதக்காரரோடு நாமே ஒரு நாள் குடித்தனம் நடத்த முடியுமா?

சிறுகதைக்கு இது போதும். நாவல் என்று வரும்போது இன்னொரு உறுப்பு தேவைப்படுகிறது; பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரு விசித்திரமான கற்பனை பத்துப் பதினைந்து பக்கம்தான் தாங்கும். அதன் பிறகும் வாசகரை இழுத்துக்கொண்டு போவது கதாபாத்திரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆசை. ஆசை சின்னதாக இருப்பது அவசியம். பிரபஞ்சத்தைக் காப்பாற்ற நினைப்பவரைப் பார்த்துச் சிரிப்பு வராது. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' நாவல் வரிசையில் வரும் ஆர்தர் டென்ட் பூமியையே இழந்தவர். அவர் கேட்பது ஒரு கோப்பை தேநீர். 1980இல் வந்த இரண்டாவது நாவலில் அந்தத் தேநீரை எப்படிப் போடுவது என்று ஆராய்வதிலேயே விண்கலத்தின் கணினி முழுக்க மூழ்கிவிடுகிறது. வெளியே எதிரிக் கலம் தாக்கிக்கொண்டிருக்கிறது, பதில் சொல்லக் கணினிக்கு நேரமில்லை. ஓர் அத்தியாயத்தில் ஓரமாக வந்த ஆசை கதையின் போக்கையே திருப்புகிறது. அந்த இணைப்பு இல்லாவிட்டால் தேநீர் வெறும் துணுக்கு.

ஆடம்ஸ் இந்தக் கதையை முதலில் வானொலி நாடகமாக எழுதினார். பிபிசி ரேடியோ 4 அதை ஒலிபரப்பத் தொடங்கியது 1978 மார்ச் 8. நாவல் அடுத்த ஆண்டு. காதுக்காக எழுதிப் பழகிய கை என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும்: எதிர்பாராத சொல் எப்போதும் கடைசியில் வந்து விழும். தொடக்கத்தில் ஆர்தரின் வீட்டை இடிக்கப் புல்டோசர் வருகிறது, புறவழிச்சாலைக்காக. அதே நாளில் பூமியை இடிக்க வேற்றுக்கிரகக் கலங்கள் வருகின்றன, விண்வெளிப் புறவழிச்சாலைக்காக. திட்ட வரைபடம் ஆல்ஃபா சென்டாரியில் உள்ள அலுவலகத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது, அப்போதே ஆட்சேபம் தெரிவித்திருக்கலாமே என்கிறார்கள். பட்டாவுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் வரிசையில் நின்ற சென்னைவாசிக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. பூமியின் பெயரில் வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் எழுதும்போது இந்த 'கடைசிச் சொல்' விஷயம் தனிச் சிக்கல். நம் வாக்கியம் வினைமுற்றில் முடியும். 'விண்கலத்தில் ஆக்சிஜனும் உணவும் காக்கையும் ஏற்றப்பட்டிருந்தன' என்றால் காக்கை நடுவில் புதைந்துபோகிறது. கடைசியில் காதில் நிற்பது 'ஏற்றப்பட்டிருந்தன'. வினையைக் கழற்றிவிட வேண்டும். 'ஆக்சிஜன் ஏற்றியாயிற்று. உணவு ஏற்றியாயிற்று. பாக்கி, காக்கை.' அல்லது பேச்சில் செய்வதுபோலத் திருப்பிப் போடலாம்: 'அப்போ வந்துது பாருங்க, அந்தக் காக்கா.' எழுதி முடித்த பிறகு வாய்விட்டு ஒருமுறை படித்தால் எந்த வாக்கியம் நொண்டுகிறது என்பது காதுக்கே தெரியும்.

எண்கள் இன்னொன்று. 'நூற்றுக்கணக்கான ஆண்டுகள்' என்பதில் சிரிப்பு கிடையாது, '92 நிமிடம்' என்பதில் உண்டு. நூறு, ஆயிரம் போன்ற மொத்த எண் கற்பனையின் சோம்பலைக் காட்டும். சில்லறை எண் யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள் என்று சொல்லும்.

இந்த வகைக் கதை கெட்டுப்போவது பெரும்பாலும் நாலைந்து வழிகளில்தான். மிக அதிகம் காண்பது இரண்டாவது பொய். செவ்வாயில் குடியிருப்பு என்று தொடங்கி, நடுவில் கதை தேங்கியதும் காக்கை பேச ஆரம்பித்துவிடும். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாகிவிட்டால் எதுவுமே எதிர்பாராதது அல்ல. அடுத்தது, கதாபாத்திரங்களே சிரிப்பது. தாங்கள் வேடிக்கையான கதையில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவே கூடாது. நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் விளக்குவதும் அதே குற்றம். சினிமா வசனத்தையும் அன்றாட அரசியலையும் நம்பி எழுதினால் மூன்று ஆண்டுகளில் குறிப்புரை தேவைப்படும். ரோபோவைத் தூய தமிழில் பேசவைப்பதும் ஆட்டோக்காரரைச் சென்னைத் தமிழில் பேசவைப்பதும் மட்டுமே நகைச்சுவையாகிவிடாது. ஒருவர் பேசும் விதம் அவருடைய பேச்சுதான், அதற்குள் ஒரு கருத்தோ ஆசையோ இருந்தால்தான் கதை.

ரோபோவைச் சரியாகச் செய்தவர் சுஜாதா. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய பொறியாளர். 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய்க்குட்டி. புத்தகம் படிக்கும், பேசும். அதன் பேச்சில் வரும் சிரிப்புக்கு அடியில் இருப்பது ஒழுங்கான தர்க்கம்: கேட்ட கேள்விக்குக் கேட்டபடியே பதில் சொல்வது. அதைச் சுற்றி இருப்பதோ மக்களைக் கண்காணிக்கும் இறுக்கமான ஆட்சி. எல்லோரும் பயந்து பேசும் ஊரில் பயம் என்றால் என்னவென்று அறியாத ஒரு பொம்மை நேராகப் பேசுகிறது. அந்த இறுக்கம் இல்லாவிட்டால் ஜீனோ வெறும் துறுதுறு நாய்க்குட்டியாகிப் போயிருக்கும். அன்று எதிர்காலமாக எழுதப்பட்டது நமக்கு இன்று கடந்தகாலம். கணிப்புகளில் பல பலிக்கவில்லை. ஜீனோவின் பதில்கள் அப்படியே நிற்கின்றன. தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் கையோடு படித்துவிடலாம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடக்கும் புத்தகக் காட்சியில் சுஜாதாவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆங்கில நூல்களுக்கு லஸ் நடைபாதையில் பொறுமையாகக் கிளறலாம்.

தொடங்குகிறவர்கள் லெம்மின் சிறுகதைகளில் தொடங்குவது நல்லது. ஒரு மூச்சில் இரண்டு கதைக்கு மேல் வேண்டாம். அடர்த்தியான நகைச்சுவை அல்வா மாதிரி. ஐந்தாவது துண்டில் ருசி மரத்துவிடும், பழி அல்வாவின் மேல் விழும்.

லெம்மின் 'சைபீரியாட்' 1965இல் வந்தது. அதில் ஒரு கதை தமிழ் மொழிபெயர்ப்பாளருக்காகவே காத்திருக்கிறது. ட்ரூர்ல் என்ற கண்டுபிடிப்பாளர் 'என்' (n) என்ற எழுத்தில் தொடங்கும் எதையும் செய்துதரும் இயந்திரத்தை உருவாக்குகிறார். நண்பர் க்ளாப்பாசியஸ் சோதித்துப் பார்க்க வருகிறார். கடைசியாக அவர் கேட்பது: ஒன்றுமில்லாமையைச் செய். போலிஷிலும் ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்கு அதே எழுத்து. இயந்திரம் வேலையைத் தொடங்குகிறது. உலகத்திலிருந்து பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பதறிப்போய் நிறுத்தச் சொன்னால் நிற்கிறது. ஆனால் மறைந்தவற்றைத் திருப்பித்தரச் சொன்னால், தன் எழுத்தில் தொடங்குபவற்றை மட்டும்தான் தர முடியும் என்கிறது.

தமிழுக்கு எந்த எழுத்து? 'ந' என்று வைத்தால் கதை முடியாது, ஒன்றுமில்லாமைக்கு அதில் சொல் இல்லை. 'சூ' என்றால் சூன்யம் கிடைக்கும், ஆனால் இயந்திரம் முதலில் விளையாட்டாகச் செய்துகாட்டப் பொருள்கள் போதாது. 'வெ' என்றால் வெறுமை. வெண்டைக்காயும் வெள்ளியும் வெங்காயமும் உண்டு, பரவாயில்லை. ஆங்கிலத்தில் ஒன்றுமில்லாமைக்கு முன்பே க்ளாப்பாசியஸ் இயற்கையைக் கேட்பார். அதையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்தும் எழுத்து 'இ'. இயற்கை இருக்கிறது, இன்மை இருக்கிறது. தொடக்கத்தில் செய்துகாட்ட இட்லி, இஞ்சி, இரும்பு, இலை, இசை என்று எவ்வளவோ. முடிவும் இதில் தானாகவே வந்து பொருந்துகிறது. லெம்மின் கதையில் உலகம் கடைசிவரை ஓட்டை ஓட்டையாகவே நின்றுவிடும். தமிழில் அந்த இயந்திரம் இரவைத் திருப்பித் தந்துவிடும். நட்சத்திரங்களைத் தர அதனால் முடியாது.