இறுகிப்போன ஸ்பார்க் பிளக்

பிளக் அசையலைன்னா ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி பலம் காட்டாதீங்க. எஞ்சின் ஹெட் (பிளக் ஏறியிருக்கிற சிலிண்டர் மேல்மூடி) பெரும்பாலும் அலுமினியம், பிளக் எஃகு. முதல்ல பிய்யறது ஹெட்டோட மரைதான், அப்புறம் இன்செர்ட் (பிய்ஞ்ச இடத்துல வைக்கிற புது மரை) போடுற வேலை தனி.

பிளக்கைச் சுத்தி குழியில உள்ள மண்ணைக் காத்தடிச்சு ஊதிடுங்க, இல்லேன்னா சிலிண்டருக்குள்ள விழும். பெனட்ரேட்டிங் ஆயில் (இடுக்குல இறங்கி இறுக்கத்தை இளக்குற எண்ணெய்) விட்டு ராத்திரி முழுக்க ஊறணும். (அவசரப்படுறவங்க கோட்டை விடுறது இங்கதான்.) கால் சுத்து கழட்டுங்க. இறுக ஆரம்பிச்சா மேல இழுக்காம அரைக்கால் சுத்து திரும்ப முடுக்கி, ரெண்டு சொட்டு ஆயில். மரையில சிக்கின கார்பன் துகள் அப்படித்தான் பொடியாகும். எஞ்சின் கொதிக்கிற சூட்டுல இருக்கும்போது கை வைக்காதீங்க.

புதுசைக் கையாலேயே ஏத்துங்க. வாஷர் வச்ச 14 மி.மீ. பிளக்னா, உக்காந்ததும் ஸ்பேனர்ல அரைச் சுத்து போதும்.