மாதத்துக்கு 1–3 முறை

அறுவைக்குப் பிறகு எப்படி இருக்கிறேன் என்று கேட்கும் படிவம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அடியிறக்கத்துக்கு, அதாவது கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ யோனிக்குள் சரிந்து இறங்குவதற்கு, அறுவை செய்துகொண்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதே அதைப் பார்த்துத்தான் நினைவுக்கு வந்தது.

நான் இருக்கும் ஸ்வீடனில் இதை 'ஃப்ராம்ஃபால்' என்கிறார்கள். முன்னால் விழுவது என்று அர்த்தம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து 'அடி இறங்கிடுச்சு' இதைவிடப் பொருத்தம். எனக்கு இறங்கியது சிறுநீர்ப்பை. இரண்டு பிரசவம், அப்புறம் வயது. யோனியின் முன்சுவரை இழுத்துத் தைத்தார்கள்.

பெண்நோய் அறுவைகளுக்கென்றே இங்கே ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. பெயர் கினோப். 1997இல் தொடங்கியது. அடியிறக்க அறுவைகள் 2006இல் சேர்ந்தன. அறுவைக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள், எட்டு வாரம் கழித்து ஒன்று, ஒரு வருஷம் கழித்து ஒன்று. என்ன முறையில் செய்தோம் என்பதை மருத்துவர் தனியாகப் பதிவார். எல்லாம் நம் அடையாள எண்ணில் ஒன்றாகச் சேரும். விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம்.

எட்டு வாரக் கேள்வித்தாளை நான் பெரிதாக மதிக்கவில்லை. காய்ச்சல் வந்ததா, ரத்தம் போனதா, மறுபடி மருத்துவரிடம் போனீர்களா என்ற ரகம். அந்த நேரத்தில் யார் கேட்டாலும் சொர்க்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். வருஷக் கேள்வித்தாள் அப்படி இல்லை. யோனியிலிருந்து ஏதோ பிதுங்கி வருவது போல் இருக்கிறதா என்று நேராகக் கேட்கிறது. ஒருபோதும் இல்லை, ஏறக்குறைய இல்லை, மாதத்துக்கு 1–3 முறை, வாரத்துக்கு 1–3 முறை, தினமும். இதில் ஒன்றுக்கு டிக் அடிக்க வேண்டும்.

டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்து எண்ணினேன். பத்து கிலோ பொன்னி மூட்டையை மாடிக்குத் தூக்கி வந்த சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று. சங்கத்துப் பொங்கலுக்கு நாள் பூரா நின்று சமைத்தபோது ஒன்று. ஆக, மாதத்துக்கு 1–3 முறை. இந்தப் பதிவேட்டை வைத்து ஆய்வு செய்பவர்கள் பொதுவாக முதல் இரண்டு பதில்களைத்தான் 'குணம்' என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் நான் குணமாகாதவள். இன்னும் கீழே வந்தால் திருப்தியா என்று ஒரு கேள்வி. 'மிகவும் திருப்தி' என்று போட்டேன். இரண்டுமே உண்மை. மருத்துவர் எதிரே உட்கார்ந்திருந்தால் இரண்டாவதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

அம்மா அப்படித்தான் செய்தாள். எண்பதுகளின் கடைசியில் அவளுக்கும் இதே அறுவை, ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில். தையல் பிரித்த அன்று டாக்டரம்மா "சக்சஸ்" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு வருஷத்துக்குள் மறுபடி இறங்கிவிட்டது. அதே டாக்டரிடம் போகலாம் என்றேன். "அந்தம்மா நல்லாத்தான்டி செஞ்சாங்க, நான்தான் கொடம் தூக்கிக் கெடுத்துக்கிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்றாள். வேறு ஊரில் வேறொருவரிடம் போய், இறங்கியதை உள்ளே தாங்கிப் பிடிக்கும் வளையம் வைத்துக்கொண்டாள். முதல் டாக்டரைப் பொறுத்தவரை அம்மா கடைசிவரை சக்சஸ்தான். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது, யாருமே அவரிடம் போய்ச் சொல்லவில்லையே.

இதுவே பெரிய அளவில் நடந்ததுதான் வலை விவகாரம். இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்க யோனி வழியாகப் பிளாஸ்டிக் வலை வைத்தார்கள். அது திசுவை அரித்து வெளியே வந்தது, உட்கார முடியாத வலி. கடுமையான சிக்கல்கள் அரிதல்ல என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2011இல் எச்சரித்தது. இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது 2019 ஏப்ரலில். இங்கிலாந்தில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் விசாரணை நடந்து, 2020 ஜூலையில் அறிக்கை வந்தது. வலி என்று வந்த பெண்களை 'இந்த வயதில் இதெல்லாம் சகஜம்' என்கிற மாதிரி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு வலை வைத்தார்கள் என்பதற்கே சரியான கணக்கு இல்லை. யாருக்கு எதை வைத்தோம், பிறகு என்ன ஆயிற்று என்று பதிந்து வைக்கும்படி அந்தக் குழு கேட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

பதிவேடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. பதில் போடாதவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இங்கே எனக்கு ஒரு யாழ்ப்பாணத்து அக்கா பழக்கம். அவருக்கும் இதே அறுவை, எனக்குச் சில மாதம் முன்னால். நினைவூட்டல் கடிதம் வந்தும் தாள் சமையலறை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான ஸ்வீடிஷ் இருக்கிறது, இதற்குப் போதவில்லை. மகன் மொழிபெயர்ப்பான், ஆனால் இதையா மகனிடம் கேட்பது?

"தங்கச்சி, நீங்கள் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று போன் செய்தார். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) 'ஸ்லீடா', அதாவது யோனி, என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். ஸ்வீடிஷில் வாளுறைக்கும் அதே சொல்தான். தமிழில் எனக்குத் தெரிந்தவை ஒன்று பாடப்புத்தகத்தில் இருப்பவை, இல்லை சண்டையில் திட்டுபவை. கடைசியில் "கீழ" என்றேன். அவருக்குப் புரிந்தது.

"எல்லாம் சுகம் எண்டு போட்டுவிடுங்கோவன்."

"அக்கா, எத்தனை தரம்னு கேட்டிருக்காங்க. மாசத்துக்கா, வாரத்துக்கா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"ஒவ்வொரு நாளும்தான், தங்கச்சி."