பழைய சிவிக்குக்கு ரைமிங் பெல்ட்டும் வோட்டர் பம்ப்பும்

எங்களிடம் இருப்பது 1998 ஹொண்டா சிவிக், இ.கே.3 என்ற மொடல். பல கை மாறி வந்த கார் என்பதால் ரைமிங் பெல்ட்டை (கிராங் தண்டின் சுழற்சியை, வால்வுகளை இயக்கும் காம் தண்டுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த ரப்பர் பெல்ட்) முன்பு எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. வழக்கமாக ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்றுவார்கள். ஓட்டம் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயது போகும். இந்த எஞ்சினில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்ரன் வால்வில் முட்டும், பிறகு ஹெட்டையே இறக்க வேண்டிவரும். அதனால் காத்திருக்க எனக்கு மனமில்லை.

வீட்டில் வாக்குவாதம் வந்தது, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வோட்டர் பம்ப்பில்தான். "ஒழுகாத பம்பை ஏன் மாத்துவான்?" என்றார் அப்பா. ஆனால் இந்தக் காரில் பம்ப்பைச் சுற்றுவதே ரைமிங் பெல்ட்தான். பம்ப் இறுகினால் பெல்ட்டும் போகும். இரண்டுக்கும் கழற்றுகிற வேலை ஒன்றே. அதோடு நம்முடைய தண்ணீர். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல் நிலம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடிய காரின் எஞ்சினுக்குள்ளும் அதுதான் படியும்.

பொருட்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி, இரவு பஸ்ஸில் எடுப்பித்தேன்: பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர், ஓ-ரிங்கோடு பம்ப், ஒயில் கசியாமல் தடுக்கும் காம் சீல், கிராங் சீல். இங்கே ஒரு கடையில் மலிவாக ஒரு பம்ப் காட்டினார்கள். கையால் சுற்றிப் பார்த்தபோது பெயாரிங் கரகரத்தது, வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வேலை நடந்தது கொக்குவிலில், ஒரு சிறிய கராஜில். இடது முன் சில்லைக் கழற்றி, எஞ்சினின் ஒயில் சம்ப்புக்குக் கீழே பலகை வைத்து ஜக் கொடுத்து, எஞ்சினைத் தாங்கும் அந்தப் பக்க மவுன்ற்றை எடுத்தார்கள். பெரிய பாடு கிராங் போல்ட்தான். வேறு கார்களில் நீளக் கம்பியை ஊன்றிக்கொண்டு ஸ்ராட்டரை ஒரு தட்டுத் தட்டி இந்தப் போல்ட்டை இளக்குவார்கள். இந்த எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றுவது, அப்படிச் செய்தால் இன்னும் இறுகும். கராஜ்கார அண்ணை கிராங் புள்ளியை (பெல்ட் ஓடும் கப்பி) அசையாமல் பிடிக்க லேத்தில் ஒரு அறுகோணப் பிடி செய்வித்து வைத்திருந்தார். அதை மாட்டி, கம்பிக்கு நீளப் பைப் செருகி இருவர் தொங்கிய பிறகு 'டக்' என்று விட்டது.

பழைய பெல்ட்டில் சின்னச் சின்ன வெடிப்பு, ஓரத்தில் காம் சீலிலிருந்து கசிந்த ஒயில். பம்ப்பைக் கையில் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கசிவு ஓட்டைக்குக் கீழே காய்ந்துபோன ஒரு வெள்ளைக் கோடு. சிறகுகளில் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து பொருக்குப் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. "உதை அப்பாட்டைக் காட்டுங்கோ தம்பி" என்றார் அண்ணை. காட்டினேன். அதன்பிறகு அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

குறி வைக்கிற இடத்தில் நிதானம் வேண்டும். காம் புள்ளியில் உள்ள 'அப்' எழுத்து மேலே நிற்க, இரண்டு பக்கக் கோடுகளும் ஹெட்டின் விளிம்போடு நேராக வேண்டும். கிராங் புள்ளியில் தனியாக நிற்கும் வெள்ளைக் குறிதான் சரியானது. நடுவில் சிவப்பு உள்ள மூன்று குறிகள் இக்னிசனைச் சரிபார்ப்பதற்கு. அண்ணை பெல்ட்டைப் போட்டு, ரென்சனரை இளக்கி, காம் புள்ளி மூன்று பல் நகரும்வரை இடஞ்சுழியாகச் சுற்றி இறுக்கினார். பிறகு ஸ்ராட் பண்ணாமல் கையாலேயே சில சுற்றுச் சுற்றி, குறி மறுபடி பொருந்துகிறதா என்று பார்த்தார். இந்தப் படியைத் தவிர்க்கிற யாரிடமும் நான் கார் கொடுக்க மாட்டேன்.

வேலையோடு வேலையாக, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கதையெல்லாம் சொன்னார். மொறிஸ் மைனருக்கு உள்ளே செயின், இந்தப் பெல்ட் கவலையே இல்லை.

உள்ளே இருந்ததை வடித்த தண்ணீரால் கழுவி எடுத்து, கலந்தே வரும் கூலன்ற் விட்டோம். ஹீற்றரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி, ஃபான் ஓடும்வரை எஞ்சினை ஓட விட்டோம். காற்றுக் குமிழ் நின்ற பிறகுதான் மூடினார். அடுத்த நாள் காலை எஞ்சின் குளிர்ந்திருந்தபோது மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதே கூலன்ற்றை விட்டேன். ஏ9இல் கிளிநொச்சி போய்வந்தும் சூட்டு முள் அசையவில்லை. அடுத்தது ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்வது. அதற்குள்ளும் இதே சுண்ணாம்பு இருக்கத்தான் செய்யும்.