எங்கள் ஊர் சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 120 லிட்டர்

ராமநாதபுரம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வரும் கதை தெரியும். திருச்சிப் பக்கம் ஆற்றில் எடுத்து இத்தனை தூரம் கொண்டுவருகிறார்கள். எங்கள் ஊரில் 1,200 பேர். 2024 கடைசியில் வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் அரை மணி நேரம் என்று தண்ணீர் சுருங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய எனக்கும் தெருவில் நாலு பேருக்கும் ஒன்பது மாதம் ஆனது. அதில் பாதி, முறை தெரியாமல் வீணாக்கிய நாட்கள். அடுத்து அலைகிறவர்களுக்காவது அது மிச்சமாகட்டும்.

கூட்டுக் குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் கேட்டால் ஒரே பதில்தான்: "சம்ப் வரைக்கும்தான் எங்க பொறுப்பு. அதுக்கு மேல பஞ்சாயத்தைக் கேளுங்க." சம்ப் என்பது குழாய்த் தண்ணீர் வந்து விழும் தரைத்தொட்டி, அங்கிருந்துதான் மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுவார்கள். பஞ்சாயத்தில் யாரைக் கேட்பது? தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் இருந்தது. சரி என்று ஒன்றிய அலுவலகம் போனோம். அங்கே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இரண்டு பேர். கிராம ஊராட்சிக்கு ஒருவர், ஒன்றியத்துக்கு ஒருவர். மனுவில் "வட்டார வளர்ச்சி அலுவலர்" என்று மட்டும் எழுதியிருந்தோம். அது மற்றவர் மேஜையிலேயே மூன்று வாரம் கிடந்தது. அடைப்புக்குறிக்குள் (கிராம ஊராட்சி) என்று கட்டாயம் எழுதுங்கள்.

பிப்ரவரியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "எங்கள் ஊருக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை?" என்று ஒரு முழுப் பக்கம் மனம் நொந்து எழுதியிருந்தேன். 29-ஆவது நாள் இரண்டு வரிப் பதில் வந்தது: விளக்கம் கேட்கும் கேள்விகள் சட்டத்தின்படி தகவல் ஆகா. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான். இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். 'ஏன்' என்ற சொல்லே மனுவில் வரக்கூடாது.

இரண்டாவது மனுவில் மூன்றே கேட்டேன். திட்டத்தில் எங்கள் குடியிருப்புக்கு ஒதுக்கிய தினசரி அளவு காட்டும் பக்கத்தின் நகல், கடந்த ஓராண்டு மீட்டர் பதிவேட்டின் நகல், பஞ்சாயத்துக்குப் போட்ட தண்ணீர்க் கட்டணப் பில்களின் நகல். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். முப்பது நாளில் பதில் இல்லை. உடனே 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முப்பது நாள் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் உருப்படியான ஒரு வேலை நடந்தது. தொட்டி ஆபரேட்டரிடம் எப்போது கேட்டாலும், "நான் என்னக்கா செய்யட்டும், வந்தாத்தானே ஏத்துறதுக்கு" என்பார். அவர் சொல்வது உண்மைதானா என்று அளந்து பார்க்க முடிவு செய்தோம். சம்ப்பின் உள்அளவு நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர். அப்படியென்றால் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 120 லிட்டர். மாலை ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்தி, மூங்கில் கம்பில் கோடு போட்டு, காலை ஆறு மணிக்கு மறுபடி பார்த்தோம். மூன்று ராத்திரியும் 65 சென்டிமீட்டருக்கு மேல் ஏறவில்லை. நாள் முழுக்கக் கணக்குப் போட்டாலும் 16,000 லிட்டரைத் தாண்டாது. ஆபரேட்டர் தம்பி மேல் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் சொன்னேன்.

மே 1 கிராம சபையில் இதைப் பேசினோம். எல்லாரும் ஆமாம் போட்டார்கள், நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அதுதான் பெரிய தவறு. பத்து நாள் கழித்துத் தீர்மான நகல் வாங்கினால், "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று இருக்கிறது. விவாதிக்கப்பட்டது என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "தீர்மானிக்கப்பட்டது" என்று இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் அங்கேயே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்தைப் போட்டோ எடுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

மே கடைசியில் ஆவணங்கள் வந்தன. ஒதுக்கீடு 48,000 லிட்டர், அதாவது ஆளுக்கு 40. (ஜல் ஜீவன் திட்டம் சொல்வது 55. அது அடுத்த சண்டை.) மீட்டர் பதிவேட்டில் பதினொரு மாதமாக "பழுது". ஆனால் பில் மட்டும் மாதாமாதம் முழு 48,000 கணக்கில். வராத தண்ணீருக்கு எங்கள் பஞ்சாயத்து காசு கட்டியிருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்தபோது கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது.

ஆகஸ்ட் 15-க்கு வீடு வீடாகப் போய் அழைத்தோம். எங்கள் மக்கள்தொகைக்குக் கிராம சபைக்கு நூறு பேர் வேண்டும். 131 கையெழுத்து விழுந்தது, அதில் பெண்கள்தான் அதிகம். மீட்டர் மாற்றவும், கூட்டு ஆய்வு நடத்தவும், ஊர்க் குளமான ஊருணிக்கு மழைத்தண்ணீர் வரும் வரத்துக்காலைச் சுத்தம் செய்யவும் தீர்மானம். அந்த நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாளுக்குப் போனோம். அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது.

செப்டம்பரில் கிளைக்குழாயை ஒட்டி அதிகாரிகளோடு நடந்தோம். சீமைக்கருவேலப் புதருக்குள், குழாயில் சேரும் காற்றை வெளியே விடும் ஏர்வால்வு ஒன்று உடைந்து குளம் கட்டி நின்றது. கிளை பிரியும் இடத்தில் வால்வைப் பாதிக்கு மேல் மூடி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் சரியானது, புது மீட்டரும் வந்தது.

ஊருக்குள் பார்த்ததுதான் கசப்பு. பதினொரு வீட்டில் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என் சொந்த மாமா வீடு. "ஊருக்கே எழுதிப் போட்டவ, எங்களையும் எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். வெளியே ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று என்னால் இருக்க முடியவில்லை. இன்னும் அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது ஆபரேட்டர் தம்பி தினமும் காலையில் மீட்டர் எண்ணைத் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார். நேற்று வந்தது 43,200 லிட்டர். அதிகமாகக் கட்டிய பணத்தைக் கழிக்கச் சொல்லிக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. ஊருணி வரத்துக்காலில் பாதி தூரம்தான் முள் எடுத்திருக்கிறது. காவிரி வரும் முன்பு அந்த ஊருணியில்தான் என் அம்மா குடம் குடமாகக் குடிதண்ணீர் எடுத்தார், யாரும் அதில் கால் நனைக்கக்கூட மாட்டார்கள். ஐப்பசி மழைக்குள் மீதியையும் எடுத்துவிட வேண்டும்.