ஒளிர்வது எது? ஆய்வகத்திலும் அறுவை அரங்கிலும் ஒளிர்தல்

நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் செல்லுக்குப் பெரும்பாலும் நிறம் என்று எதுவும் கிடையாது. சாதாரண வெளிச்சத்தில் அதன் விளிம்பும் உட்கருவின் மங்கலான வட்டமும் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களில் குறிப்பிட்ட ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்காது. உயிரியல் ஆய்வில் இந்தக் கேள்விக்கு விடை தேடப் பெரிதும் கைகொடுப்பது ஃப்ளூரசென்ஸ் எனப்படும் ஒளிர்தல்தான்.

ஒளிரும் மூலக்கூறு ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, மீதியைச் சில நானோநொடிகளுக்குள் அலைநீளம் கூடிய வேறொரு நிற ஒளியாக வெளிவிடுகிறது. குயினைன் கரைசலில் புற ஊதா ஒளி பட்டால் நீல ஒளி எழுவதை ஆராய்ந்து, 1852-இல் இந்த அலைநீள மாற்றத்தை விளக்கியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். முறையின் சூட்சுமம் முழுவதும் இந்த நிற வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஃப்ளூரெசின் என்னும் சாயம் ஏறக்குறைய 490 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கி 520 நானோமீட்டர் பச்சை ஒளியைத் தருவதால், நீலத்தை வடிகட்டித் தடுத்துவிட்டுப் பச்சையை மட்டும் கண்ணுக்கு அனுப்பினால், சாயம் ஒட்டிய இடம் தவிர மற்றதெல்லாம் இருளாகிவிடுகிறது.

சாயத்தை வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டவைப்பதுதான் அடுத்த சிக்கல். டி.என்.ஏ.வைப் பொறுத்தவரை இது எளிது; டாப்பி என்ற சாயம் தானாகவே அதைப் பற்றிக்கொண்டு உட்கருவை நீலமாகக் காட்டிவிடும். புரதங்களுக்கு அப்படி ஆயத்தமான சாயங்கள் அரிது என்பதால், 1940-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ், குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பற்றிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியிலேயே ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார். இன்று பெரும்பாலும் இரண்டு படிகளில் இது நடக்கிறது: முதல் ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்கும், சாயம் தாங்கிய இரண்டாவது ஆன்டிபாடி முதலாவதைப் பிடிக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் காணும் பச்சை அந்தப் புரதம் அல்ல, அதன்மேல் ஒட்டியிருப்பதாக நாம் நம்பும் சாயம். இரண்டாவது ஆன்டிபாடி வேறெங்காவது ஒட்டிக்கொண்டாலும் படம் அழகாகத்தான் இருக்கும். சாயமே இடாத திசுவும் ஓரளவு ஒளிரும்; செல்லில் இயல்பாகவே உள்ள ஃபிளேவின்கள் என்ற மூலக்கூறுகளும், முதிய செல்களில் சேரும் லிப்போஃபஸின் என்ற நிறமியும் இயல்பாகவே ஒளிர்பவை; திசுவைப் பதப்படுத்தப் பயன்படும் ஆல்டிஹைடுகளும் அந்தப் பின்னணி ஒளியைக் கூட்டிவிடும். ஆகவே சாயமே இடாத ஒரு ஸ்லைடையும், முதல் ஆன்டிபாடியைத் தவிர்த்து இரண்டாவதை மட்டும் இட்ட இன்னொரு ஸ்லைடையும் அதே அமைப்பில் படமெடுத்து அருகில் வைத்துக் காட்டாத ஆய்வுப் படத்தை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை.

ஆன்டிபாடியை உள்ளே செலுத்துவதற்குப் பொதுவாகச் செல்லைக் கொன்று பதப்படுத்த வேண்டும் என்ற குறையைத் தீர்த்தது ஒரு ஜெல்லிமீன். ஏக்கோரியா விக்டோரியா என்ற அந்த உயிரியிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்தது குறித்த தகவல் 1962-இல் வெளியானது. 238 அமினோ அமிலங்களே கொண்ட அந்தப் புரதம், ஒளிரும் பகுதியைத் தன் சங்கிலியிலிருந்தே உருவாக்கிக்கொள்கிறது; ஆக்சிஜன் இருந்தால் போதும், ஜெல்லிமீனின் வேறு நொதி எதுவும் வேண்டாம். அதனால்தான் 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவைப் பாக்டீரியாவிலும் உருளைப்புழுவிலும் புகுத்தியபோது அவையும் ஒளிர்ந்தன. ரோஜர் சியன் அதைத் திருத்திப் பல நிறங்களுக்கு விரிவுபடுத்தினார். மூவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மரபணுவை முதலில் படியெடுத்து, சால்ஃபிக்கும் சியனுக்கும் கொடுத்துதவிய டக்ளஸ் பிராஷருக்கு அதில் பங்கில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

ஆராய வேண்டிய புரதத்தின் மரபணுவோடு இந்த மரபணுவை இணைத்துவிட்டால், உயிருள்ள செல்லில் அப்புரதத்தின் நடமாட்டத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் இங்கும் ஐயம் விலகுவதில்லை: ஒட்டிய சுமையால் புரதம் இடம் மாறக்கூடும், நீண்ட நேரம் ஒளி பாய்ச்சினால் சாயமும் வெளுக்கும், செல்லும் நலிவடையும்.

நோயறிதலில் ஒளிர்தல் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது. டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருக்கும் நிகழ்நேர பி.சி.ஆர். சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் பெருகும் டி.என்.ஏ.வைக் கருவி ஒளியின் அளவாகவே பதிவு செய்கிறது. சளியில் உள்ள காசநோய்க் கிருமியை ஆரமின் சாயம் இருண்ட பின்னணியில் பளிச்சென்று காட்டுவதால், ஒரு ஸ்லைடைப் பார்த்து முடிக்க ஆகும் நேரம் வெகுவாகக் குறைகிறது.

அறுவை அரங்கில்தான் ஒளிர்தலின் முடிவு நேரடியாக நோயாளியின் உடலில் பதிகிறது. தீவிர வகை மூளைப் புற்றுக்கட்டியில், அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கக் கொடுத்தால், கட்டிச் செல்கள் அதைப் புரோட்டோபார்ஃபிரின் என்ற ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கின்றன. நீல ஊதா ஒளியில் அவை சிவப்பாக ஒளிர்கின்றன. 2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், இம்முறையில் 65 சதவீதத்தினருக்கும், வழக்கமான வெள்ளை ஒளியில் 36 சதவீதத்தினருக்கும், ஸ்கேனில் தெரியும் கட்டி முழுமையாக அகற்றப்பட்டிருந்தது. ஆயினும் கட்டியின் ஓரத்தில் நல்ல திசுவுக்குள் தனித்தனியாக ஊடுருவிய செல்கள் ஒளிராமல் போகலாம். தீவிரம் குறைந்த கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதேயில்லை. அத்தகைய கட்டிகளில் எல்லையை வகுக்க எம்.ஆர்.ஐ. படத்தையும், பேச்சையும் அசைவையும் சோதித்தபடி செய்யும் அறுவை முறைகளையுமே மருத்துவர்கள் நம்ப வேண்டியிருக்கிறது.