சத்தம் போடாத டேப்பட்

என் கார் நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, ஒற்றை கேம் ஷாஃப்ட் கொண்ட பெட்ரோல் வண்டி. கேம் தள்ள, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம் நுனியில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும் பழைய பாணி அமைப்பு. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். முன்பு டேப்பட், அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே விட வேண்டிய நூலிழை இடைவெளி, பார்த்ததற்கு எந்தக் குறிப்பும் இல்லை. கையேடு 40,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கைக் கேட்டபோது, "சத்தம் வந்தா கொண்டு வாங்க சார், வராத வரைக்கும் அதுல கை வைக்காதீங்க" என்றார். பலரும் சொல்லும் பேச்சுதான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

82,400 கி.மீ.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று ஒரு சத்தம். சூடானதும் குறைந்துவிடும். அதைவிட என்னை உறுத்தியது வேறு: நன்றாக ஓடிச் சூடான பிறகு வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் வைத்தால் ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம். பிளக் புதிது, ஏர் பில்டர் சுத்தம், இக்னிஷன் காயிலை இடம் மாற்றிப் பார்த்தும் மாற்றம் இல்லை.

எதையும் கழற்றுவதற்கு முன் கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், பார்த்தேன். என்ஜின் சூடாக, நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, பெட்ரோல் வராமல் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு. முதல் சிலிண்டர் 175 பி.எஸ்.ஐ., இரண்டாவது 170, மூன்றாவது 140, நான்காவது 172. மூன்றாவதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், ஏறவே இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் எண் கூடும். கூடாததால் சந்தேகம் வால்வு பக்கம் திரும்பியது.

அன்று மாலையே ஆர்வத்தில் வால்வு கவரைத் திறந்துவிட்டேன். நிறுத்தி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் சிலிண்டர் ஹெட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிந்தது. சில வால்வுகளை அளந்து எழுதி வைத்தேன். மறுநாள் விடிகாலையில் அதே வால்வுகளை அளந்தால் சில எண்கள் 0.02 மி.மீ. வரை மாறியிருந்தன. அனுமதிக்கும் வரம்பே மொத்தம் 0.04 மி.மீ. இருக்கும்போது இது பெரிய பிழை. சூட்டில் சில என்ஜின்களில் இடைவெளி கூடும், சிலவற்றில் குறையும். ஆகவே கையேடு எந்த நிலையில் அளக்கச் சொல்கிறதோ அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். என் வண்டிக்கு ஹெட் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

மறுநாள் காலை, முழு அளவெடுப்பு

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். கவரைச் சுற்றி இருந்த மண்ணை முந்தின நாளே துடைத்திருந்தேன். உள்ளே ஒரு மணல் துகள் விழுந்தாலும் அது போய்ச் சேரும் இடம் கேம் பேரிங். பிளக்குகள் வெளியே இருந்தால் கிராங்க்கை (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) ஸ்பேனரால் சுலபமாகச் சுற்றலாம். பிளக் குழிகளில் துணி செருகிக்கொண்டேன்.

முதல் சிலிண்டரை டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. ஆகவே புல்லியில் உள்ள குறி பொருந்தியதை மட்டும் பார்த்தால் போதாது. வால்வுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும்: முதல் சிலிண்டரின் ராக்கர்களைக் கையால் ஆட்டினால் நான்கும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை, நான்காவது சிலிண்டரின் ராக்கர்கள் ஆடுகின்றன என்றால், கிராங்க்கை இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதற்குப் பிறகு கிராங்க் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர்: 1, 3, 4, 2. கிராங்க் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமாகவே சுற்ற வேண்டும். தாண்டிப் போய்விட்டால் பின்னுக்குத் திருப்பாமல் இரண்டு சுற்று வந்து மறுபடி பிடிக்க வேண்டும்.

பீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) வைத்து அளப்பதில்தான் கை பழக வேண்டும். தகட்டில் ஒரு சொட்டு ஆயில் தடவி, ஸ்க்ரூவின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே நேராகச் செருகி இழுத்தால், இரண்டு பக்கமும் உரசுகிற மெல்லிய பிடிப்பு விரலில் தெரியும். சாய்த்துச் செருகினால் பொய்ப் பிடிப்பு வரும். நான் பிடிப்பை மட்டும் நம்பவில்லை. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு என்றால் 0.25 தகடு நுழைய வேண்டும், 0.28 நுழையக் கூடாது என்று இரண்டு தகடு வைத்துச் சோதித்தேன்.

காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் இருக்க வேண்டியது 0.18 முதல் 0.22 மி.மீ. எக்ஸாஸ்ட் பக்கம் 0.23 முதல் 0.27. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி அதிகம் நீளும் என்பதால் அதற்குக் கூடுதல் இடம்.

அளந்தபோது கிடைத்தது இது. முதல் சிலிண்டரில் ஒரு இன்டேக் 0.28. "டிக் டிக்" போட்டது அதுதான். மற்ற இன்டேக்குகள் பெரும்பாலும் சரி. எக்ஸாஸ்ட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே 0.20 பக்கம் இறுகியிருந்தன. மூன்றாவது சிலிண்டரின் இரண்டு எக்ஸாஸ்ட்டும் 0.13, 0.15.

அந்த 0.13 தகடு இறுக்கமாக வெளியே வந்தபோதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. மூன்றாவது சிலிண்டர் எந்தச் சத்தமும் போடவில்லை! லூசான டேப்பட் தட்டும், நாமும் கவனிப்போம். அதனால் கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் பவர் குறைவு, அவ்வளவுதான். இறுகிய டேப்பட் அமைதியாக இருக்கும், ஆபத்து அதில்தான். வால்வும், மூடும்போது அது பதிந்து உட்காரும் சீட்டும் தேயத் தேய, வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறிக்கொண்டே வரும், இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில், சூட்டில் தண்டு நீண்டதும், வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கி வைப்பது சீட்டில் உட்காரும் அந்தக் கணங்களில்தான். 3,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 25 முறை திறந்து மூடும் வால்வுக்கு அந்த ஓய்வு கிடைக்காவிட்டால் விளிம்பு எரியும். எரிந்துவிட்டால் ஹெட்டை இறக்காமல் வழியில்லை.

"சத்தம் வந்தால் பார்க்கலாம்" என்ற பேச்சை அன்றோடு விட்டேன்.

அட்ஜஸ்ட் செய்தது

லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்புவது சுலபம். இறுக்கும்போதுதான் பிசகும். மரை ஒரு சுற்றுக்கு முக்கால் மில்லிமீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 0.05 மி.மீ. மாற்றத்துக்கு ஸ்க்ரூ வெறும் 24 டிகிரி திரும்பினால் போதும். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் துளி கூடவே போகும். முதல் இரண்டு வால்வுகளும் அப்படித்தான் 0.25 வைத்து இறுக்கியதும் 0.21 ஆகிவிட்டன. பிறகு ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி அளந்தேன். எக்ஸாஸ்ட்டுகளை வரம்பின் மேல் பாதியில், 0.26 பக்கம் வைத்தேன். இனியும் சுருங்கத்தான் போகிறது. பதினாறு வால்வுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றி எல்லாவற்றையும் இன்னொரு தடவை அளந்தேன்.

கவருக்குப் புது கேஸ்கெட், பிளக் குழாய்களுக்குப் புது சீல். பழையதையே போட்டால் ஆயில் கசியும், பிளக் குழிக்குள் இறங்கி மிஸ்ஃபயரும் தரும்.

83,200 கி.மீ.

கம்ப்ரெஷன் மறுபடி: 178, 174, 165, 175. மூன்றாவது முழுதாக மற்றவற்றை எட்டவில்லை, சீட்டில் கொஞ்சம் சேதம் இருக்கலாம். ஆனால் சூடான ஐடிலிங்கில் நடுக்கம் போய்விட்டது.

எல்லா வண்டிக்கும் இந்த வேலை கிடையாது. ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள என்ஜினில் ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். அங்கே சத்தம் வந்தால் முதலில் ஆயிலைப் பாருங்கள். ஸ்க்ரூவுக்குப் பதில் ஷிம் என்ற சிறு உலோக வில்லை வைத்த என்ஜினில் அளப்பதை வீட்டிலேயே செய்யலாம், மாற்றுவதற்கு பெரும்பாலும் கேம் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். கணக்கு எளிது: பழைய ஷிம் தடிமனோடு, அளந்த இடைவெளிக்கும் வேண்டிய இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்கள். ஷிம் 2.60, இடைவெளி 0.30, வேண்டியது 0.20 என்றால் புது ஷிம் 2.70. ஆனால் டைமிங் செயின் பழகாதவர்கள் அதை ஒர்க்ஷாப்புக்கே விடுவது நல்லது.

கேஸில் ஓடும் வண்டி என்றால் கையேட்டின் கிலோமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம், சீட் வேகமாகத் தேயும். ஹெட் வேலை செய்த பிறகும், குறிப்பு எதுவும் இல்லாத பழைய வண்டி வாங்கியதும், வேறு காரணத்துக்காக வால்வு கவர் திறந்திருக்கும்போதும் பீலர் கேஜை எடுத்துவிடுங்கள்.

93,000 கி.மீ.

அடுத்த முறைக்கு 40,000 வரை பொறுக்க மனம் வரவில்லை. மூன்றாவது சிலிண்டரை மட்டும் அளந்தேன். எக்ஸாஸ்ட் இரண்டும் 0.25. பத்தாயிரத்தில் 0.01 சுருங்கியிருக்கிறது. பதினாறு எண்களையும் தேதியோடு எழுதிய தாளைக் கையேட்டுக்குள் ஒட்டியிருக்கிறேன். 1,03,000-ல் மறுபடி திறப்பேன்.