எங்கள் ஊர் மன்றம் பதிவான கதை

2019 டிசம்பர் 26 அன்று வந்த வளையச் சூரிய கிரகணத்தை ஊருக்குக் காட்டச் சேர்ந்த கூட்டம் எங்களுடையது. திண்டுக்கல் பக்கம் வளையம் முழுதாகத் தெரிந்தது. பிறகு மாதம் ஒரு கூட்டம்: ஒரு முறை சிறுகதை, ஒரு முறை தேவராட்டக் கலைஞர்கள், ஒரு முறை வானியல். எல்லாம் கைக்காசு. மண்டபம் கேட்டால் பதிவு எண் கேட்டார்கள், நன்கொடை தருபவர் ரசீது கேட்டார். சரி, பதிந்துவிடலாம் என்று இறங்கினோம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் இருந்தால் போதும். எந்தெந்த நோக்கங்களுக்காகச் சங்கம் பதியலாம் என்ற பட்டியலில் இலக்கியம், அறிவியல், கலை மூன்றும் இருக்கின்றன. எனவே நோக்கங்களை எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வேலை வாங்கியது சங்கம் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் துணை விதிகள்தான். பத்திர எழுத்தர் ஒருவர் மாதிரிக்கென்று ஒன்றைக் கொடுத்தார். ஏதோ மனமகிழ் மன்றத்துக்கு எழுதியது. சீட்டாட்ட அறை நேரம்வரை அதில் இருந்தது! அதை ஓரம் வைத்துவிட்டு நாங்களே உட்கார்ந்தோம். சந்தா கட்டாதவரை எப்போது நீக்குவது? காசோலையில் யார் கையெழுத்து? (பொருளாளரோடு தலைவர் அல்லது செயலாளர் என்று முடிவானது.) கூட்டத்துக்குத் தவறாமல் வருவது பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்கு வாக்கில்லாத மாணவர் வட்டம் ஒன்று வைத்தோம். செயற்குழுவின் காலம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். 'தலைவர்னா ஐயாதானே' என்று இருந்தவர்கள் அன்று கொஞ்சம் நெளிந்தார்கள். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது.

கலைப்பு விதியில்தான் பெரிய சண்டை. "இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள கலைக்கிறதப் பத்திப் பேசுறீங்களே சார்" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தோம். மிஞ்சும் சொத்து உறுப்பினர்களுக்குப் போகாமல் இதே நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்குப் போகவேண்டும் என்று எழுதி முடித்தோம்.

விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே ஏற்றலாம். அங்கே வம்பு இனிஷியலால் வந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். எந்த அட்டையைக் கொடுக்கிறோமோ அதில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் எழுதுங்கள், தலைவலி குறையும். அலுவலக முகவரிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு முன்னறையைத் தந்தார். அவருடைய சம்மதக் கடிதமும் வீட்டுவரி ரசீதும் இணைத்தோம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சில திருத்தம் சொன்னார்கள், செய்து கொடுத்தோம், சான்றிதழ் வந்தது.

பிறகு சங்கத்தின் பெயரில் பான், தீர்மான நகலோடு வங்கிக் கணக்கு. நன்கொடை தருகிறவருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவை (80ஜி என்பார்கள்) இப்போதைக்குத் தொடவில்லை. ஐந்நூறு ரூபாய் தருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை.

பதிவோடு முடிவதில்லை என்பதைச் சேரும்போதே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ஆண்டுக்கொரு பொதுக்குழு கூட்டவேண்டும், வரவு செலவைத் தணிக்கை செய்து பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும், நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்கவேண்டும். கவியரங்கத்துக்குத் தலைமை ஏற்க எங்களில் பலர் தயார். பொருளாளர் பதவிக்கு மட்டும் இதுவரை போட்டியே வந்ததில்லை.